தேர்மணிக்குப் பயந்து உன்னைச் சாகக் கொடுத்த விபரம்

உருத்திரபுரம்,
பங்குனி மாதம், ஞாயிறு மத்தியானம்.

கொழும்பு மாநகரிலே அரசாங்கக் கந்தோர்க் கதிரையொன்றைக் கௌரவப்படுத்தி வீற்றிருப்பவனும், என் அண்ணர் பெற்று நான் தோளில் போட்டு வளர்த்த சிங்கக்குட்டியுமாகிய சிரஞ்சீவி தில்லைநாதனுக்கு, உன் சித்தப்பா வீரகத்தி எழுதிக்கொள்வது.

இங்கு நான் சுகம். உன் சித்தி சுகம். சிவலைப் பசு சுகம், கன்றும் சுகம். நீயும் சுகமோ என்று அடுத்ததாகக் கேட்பதுதான் கடித மரியாதை. இம்முறை அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால், கிளிநொச்சிப் பட்டினத்தைப் பொறுத்தமட்டில் நீ போன புதன்கிழமை முற்பகல் காலமாகிவிட்டாய். பதறாதே. இருந்து வாசி. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வாசி. மேலே 'சிரஞ்சீவி' என்று எழுதியிருக்கிறேனே, இன்றைய நிலையில் இந்த வன்னிப் பெருநிலத்தில் உன் பக்கம் நிற்கும் ஒரே சாட்சி அந்தச் சொல்தான்.

எல்லாம் உன்னால் வந்தது. பொங்கலுக்கு வந்து நின்றபோது, "அருந்ததியின்ரை தேப்பனோடை ஒருக்காக் கதையுங்கோ சித்தப்பா, அவள் இல்லையெண்டால் எனக்கு வேறை ஆரும் வேண்டாம்" என்று நீ என் காலைப் பிடித்தாய். நானும் ஓம் என்றேன். பெண் தங்கம். குடும்பம் நல்ல குடும்பம். தகப்பன் கதிர்காமநாதர் நெல்லு மில்லுக்குச் சொந்தக்காரர். அதுவரை ஒரு பிழையுமில்லை. ஆனால் அந்த மனிதர் புதுப் பிள்ளையார் கோயில் தேர்த் திருப்பணிச் சபைக்குத் தலைவருமாவார். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு வேறு பெண் பார்த்திருப்பேன், அல்லது உன்னைச் சந்நியாசியாக்கியிருப்பேன்.

நான் பயந்தவன் அல்ல என்பதை உலகம் அறியும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய காலத்தில், இரணைமடுக் குளத்திலே மரக்கட்டை என்று நினைத்து முதலை ஒன்றின் முதுகில் வேட்டி தோய்த்து, நீலமும் போட்டு, பிழிந்து உதறியவன் நான். என்னைக் கண்டு மரத்தில் ஏறிய கரடி ஒன்று இன்னும் இறங்கவில்லை என்று கேள்வி. அப்பேர்ப்பட்ட நான் இப்போது மாட்டு மணி ஆடினாலே கட்டிலுக்கடியில் புகுந்துவிடுகிறேன். காரணத்தைக் கேள்.

தேர்ச் சபையார் நன்கொடை சேர்க்கும் விதத்தை நீ அறியமாட்டாய். அறுவடை முடிந்து ஊரார் நெல் விற்க வரும் சந்தை நாளாகப் பார்த்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து புகையிரத நிலைய வாசல்வரை வலை விரித்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் அப்புத்துரை. அவனுடைய தொழில் சைக்கிளைக் குறுக்கே விடுவது. ஒரு சொல் பேசமாட்டான். நீ இடப்பக்கம் ஒதுங்கினால் சைக்கிளும் இடப்பக்கம் வரும். வலப்பக்கம் ஒதுங்கினால் அங்கும் வரும். நீ பறந்தால் அதுவும் பறக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்தவன் ஏரம்பு. அவன் கையில் பித்தளை மணி. மூன்றாமவர்தான் உன் கதிர்காமநாதர், அவர்தான் பயங்கரம். அவர் அதட்டமாட்டார், கெஞ்சமாட்டார். தோளிலே பஞ்சுபோலக் கையை வைத்து, "என்ன, வீட்டிலை எல்லாரும் சுகமே? மாடு கண்டு போட்டுதே?" என்று தேன்குரலில் விசாரிப்பார். நீ மரியாதைக்கு 'ஓம்' என்பாய். அந்த ஓம் உன் பல்லைத் தாண்டுமுன், "தேருக்கு ஒரு சில்லுத் தாறாராம்!" என்று சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லுவார். ஏரம்பு மணியை அடிப்பான். மீன் விற்கிறவன், மரக்கறி விற்கிறவன், பஸ்ஸில் தொங்குகிறவன் எல்லாரும் "அரோகரா!" என்று கையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான். மணி அடித்தபிறகு சக்கரம் உன் செலவு, அந்தச் சொல் பிள்ளையாருடைய சொத்து. அதைத் திருப்பி எடுத்தவன் இன்னும் பிறக்கவில்லை.

சின்னராசா பாவம், வெற்றிலை வாங்க வந்தவன். கேட்கும் நேரம் பார்த்துத் தும்மினான். தும்மலைச் சம்மதமாக எடுத்து அவன் தலையில் தேரின் மரக்குதிரை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். நடராசா இப்போது சந்தைக்கு றோட்டால் வருவதில்லை. காட்டுக்குள்ளால் யானைகளோடு வருகிறான். யானை என்றால் ஒரு வாழைக்குலையோடு விட்டுவிடுமாம்.

இந்த மனிதரிடம்தான் நான் உனக்குப் பெண் கேட்கவேண்டும்! என் நிலையை யோசித்துப் பார். இந்தமுறை நம் வயலில் முக்கால்வாசியைக் காட்டுப்பன்றி அறுத்தது, மிச்சத்தை நான் அறுத்தேன். தேருக்குத் தருகிறேன் என்று சொன்னால் விதைநெல்லும் போய்விடும். தரமாட்டேன் என்று சொன்னால் அருந்ததி போய்விடுவாள். சில்லையும் மறுத்துவிட்டு மகளையும் கேட்கிற முகம் எனக்கு ஆண்டவன் வைக்கவில்லை. ஆகவே சந்தையில் அகப்படாமல் பின்பக்கத்தால் மில்லுக்குப் போய், ஆளைத் தனியே கண்டு, மணி இல்லாத இடத்தில் கதைப்பதென்று தீர்மானித்தேன். உன் சித்தியின் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "தில்லைநாதன் நல்ல பிள்ளை, தில்லைநாதன் கெட்டிக்காரன்" என்று சொல்லவேண்டியதைப் பாடம்பண்ணிக்கொண்டு, மதிலோடு மதிலாக ஓணான்போலப் போனேன். பாதி வழியில் மணிச்சத்தம் கேட்டது. முன்னே இருந்தது மஹ்றூப் நானாவின் புடைவைக்கடை. உள்ளே பாய்ந்து, தொங்கிய சேலைகளுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன வீரகத்தியண்ணை, சீலைக்குள்ளை நிக்கிறீர்? மனிசி அடிச்சுக் கலைச்சுப் போட்டாவோ?" என்றார் நானா, ஊருக்கே கேட்க.

"தேர்க்காரர், நானா! மெல்லக் கதையும்!"

"மெல்லக் கதைச்சு என்ன? நான் பள்ளிவாசலுக்குப் போறவன், எனக்கென்ன தேர் எண்டுதான் கேட்டன். 'அதுக்கென்ன நானா, தேருக்கும் சீலை வேணும்தானே' எண்டு போட்டு மணியை அடிச்சாங்கள். இப்ப முடியிலையிருந்து அடிவரைக்கும் தேர்ச்சீலை என்ரை பொறுப்பு. நானே தப்பேல்லை, நீர் ஆர்?"

அவர் வாய் மூடமுன் ஒரு சைக்கிள் சில்லு வாசற்படியால் மெல்ல உள்ளே வந்தது. சேலைகளுக்கு அடியில் என் கால் தெரிந்திருக்கிறது. அப்புத்துரைதான். என்னை முன்னே விட்டு, பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மாட்டைச் சாய்ப்பதுபோலச் சந்தை நடுவுக்குச் சாய்த்துக்கொண்டு வந்தான்.

அங்கே கதிர்காமநாதர். தோளில் கை விழுந்தது. "வீரகத்தியர், உங்களைத்தான் தேடினனான். சில்லு, குதிரை, குடை எல்லாம் சரி. அச்சு ஒண்டுதான் மிச்சம். அச்சில்லாமல் தேர் ஓடுமே?" என்றார். சில்லுக்கே பயந்தவனிடம் அச்சு! சந்தை முழுவதும் என்னைப் பார்த்தது. மீன்கூட என்னைப் பார்த்தது. ஏரம்புவின் கை மணியோடு மேலே போவதைக் கண்டேன். அது மேலே போய்க் கீழே வரும் அந்த இடைவெளியில் என் வயல் போனது, விதைநெல் போனது, சிவலைப் பசு கன்றோடு போனது, நான் வேப்பமரத்தடியில் கோவணத்தோடு இருந்தேன். எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது மகனே.

"ஐயோ, அடியாதை! எனக்குத் துடக்கு!" என்று கத்தினேன்.

இதை என் மூளை சொல்லவில்லை, பயம் சொல்லியது. ஆனால் எவ்வளவு கெட்டித்தனமான பயம் பார்! செத்தவீட்டுத் தீட்டு உள்ளவன் கையால் கோயில் ஒரு பூக்கூட வாங்காது. நான் மறுக்கவில்லை, பிள்ளையார்தான் வாங்கமாட்டார். இல்லை என்று சொல்லாமலே இல்லை என்று சொல்ல, எங்கள் சாதிசனம் கண்டுபிடித்த ஒரே வழி அது. ஏரம்புவின் கை ஆகாயத்தில் நின்றது. மணியின் நாக்கை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். கதிர்காமநாதர் தோளிலிருந்து கையை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. உன் உயிர் போனது அடுத்த நிமிடம்.

"ஆர் மோசம் போனது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவேயில்லை. மாமன் மச்சான் வழியில் யாரையாவது சொன்னால் துடக்குச் சுருக்காகக் கழிந்துவிடும், அடுத்த சந்தைக்குத் திரும்ப மணி. துடக்கு நீளவேண்டுமென்றால் தகப்பன் வழியில் இரத்த உரித்து வேண்டும். அண்ணர் ஏற்கனவே போய்விட்டார். ஒருவரை இரண்டாந்தரம் சாகடிக்க ஏலாது. அதோடு வழியெல்லாம் உன் பெயரைப் பாடம்பண்ணிக்கொண்டு வந்தவன். வாயைத் திறந்தேன், உள்ளே ஆயத்தமாக நின்றவன் நீதான்.

"என்ரை அண்ணற்றை மகன் தில்லைநாதன்" என்றேன்.

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ. நாங்கள் பெண் கேட்கப் போகிற கதை அவர் காதுக்கு முன்னமே போயிருக்கிறது. வெயிலில் வாட்டிய வாழையிலை மாதிரி வாடினார். "எப்பிடி?" என்றார்.

கொல்வதென்று வந்தபின் என் அண்ணர் மகனைச் சும்மா வயிற்றோட்டத்தில் கொல்ல எனக்கு மனம் வருமா? "கடலிலை. ஒரு குழந்தைப்பிள்ளையைத் திரை இழுத்துக்கொண்டு போக, இவன் உடுத்த உடுப்போடை குதிச்சவன். பிள்ளை தப்பீட்டுது" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. அவ்வளவு நல்ல பிள்ளை நீ. "உடம்பு?" என்றார். "கடல் தரேல்லை" என்றேன். வாய்க்கால் தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே என்னைக் கட்டிப்பிடிக்கிறவன் நீ என்பது எனக்குத் தெரியும். கிளிநொச்சிக்குத் தெரியாது.

அதற்குப்பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் எனக்குச் செய்யப்பட்டது. தேர்ச் சபை கண்மூடித் திறக்குமுன் செத்தவீட்டுச் சபையாக மாறியது. அப்புத்துரை சைக்கிளில் ஏறிப் பறந்தான், நான் வீடு வந்து சேருமுன் மல்லாவிவரை செய்தி போய்விட்டது. ஒரு டிரக்டர் வந்தது. அதன் இழுவைப் பெட்டிக்குள் என்னை ஏற்றி இருத்தினார்கள். பின்னால் இரண்டு பறை. தண்ணீர் கேட்டேன், சோடா தந்தார்கள். ஒருவன் எனக்கு விசிறிக்கொண்டே வந்தான். 'இல்லை, பொய் சொன்னனான்' என்று சொல்ல மூன்றுமுறை வாயைத் திறந்தேன். மூன்றுமுறையும் "அழுங்கோ அண்ணை, அழுது தீருங்கோ" என்று வாயில் துவாயை வைத்தார்கள்.

உன் சித்தி இலட்சுமி குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றவள். பறையைக் கேட்டு, கத்தியோடு வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டு, முற்றத்தில் விழுந்து குழறினாள். நான் பக்கத்தில் விழுந்து, அழுகிற சாட்டில் காதுக்குள் சொன்னேன்:

"எடியே, அவன் சாகேல்லை."

"அப்ப ஏனப்பா இவ்வளவு சனம்?"

"நான்தான் சாக்காட்டினன். தேர் அச்சு கேட்டவங்கள்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலை ஒன்று தெரிந்தது. கையில் மீன்கத்தி. ஆனால் அவ்வளவு சனத்துக்கும் நடுவில் என்ன செய்வாள்? திரும்பவும் ஒப்பாரி வைத்தாள். "பாவி மனிசன் வாயாலை போனியே என்ரை ராசா! மணிச்சத்தம் கேட்டு உன்னை வித்துப் போட்டாரே என்ரை துரை! இவரையெல்லோ கடல் கொண்டிருக்க வேணும்!" என்று உள்ளதை உள்ளபடியே பாடினாள். வந்த பெண்கள் எல்லாரும், "என்ன மாதிரிப் பாட்டுக் கட்டுறா பார்" என்று மூக்கைச் சிந்தினார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் தொடையில் ஒரு கிள்ளு. இன்னும் நீலமாக இருக்கிறது.

புதன் தொடக்கம் இன்றுவரை சனம் வற்றவில்லை. நான் கண்ணை மூடமுடியாமல் பயத்திலே கிடக்கிறேன். வானொலியில் மரண அறிவித்தல் கொடுக்கப்போகிறார்களாம். கந்தோரில் மத்தியானச் சோறு தின்னும்போது உன் பெயர் கேட்டால் பயப்படாதே, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தின். ஆனால் மற்றவர்கள் கேட்டு உன் கதிரையில் வேறு ஆளை இருத்தமுன் உன் மேலதிகாரிக்கு நீ உயிரோடு இருப்பதைக் காட்டிவை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து துடக்குக் கழிந்த கையோடு, உன் ஞாபகார்த்தமாக அச்சை நானே செய்து தரவேண்டுமென்று சபை தீர்மானித்திருக்கிறதாம். ஆகவே உன்னைக் கொன்றும் எனக்கு ஆதாயமில்லை. வியாழக்கிழமை தனியன் யானை ஒன்று வேலியடியில் வந்து, வாழையைத் தொடாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அது யார் அனுப்பிய ஆள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையார் படத்தைக் கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய பயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். இதில் பகிடி இல்லை. அருந்ததி புதன்கிழமையிலிருந்து சாப்பிடவில்லையாம். அறைக்குள்ளேயே இருக்கிறாளாம். என் சோறும் இறங்கவில்லை மகனே. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டுப் படலை நம் குடும்பத்துக்கு என்றைக்கும் திறக்காது. பொய்யரின் வீட்டுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை உருகிப்போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்புத்துரையின் சைக்கிள் நிற்கிறது.

ஆகையால் என் கட்டளை: நீ இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. யாழ்தேவி ரயிலில் ஏறினாலும் கிளிநொச்சியில் யன்னலைச் சாத்திக்கொண்டு குனிந்திரு. பதுளைப் பக்கம் இடமாற்றம் கேள். தாடி வளர். அருந்ததியை மறந்துவிடு, மறக்க முடியாவிட்டால் மலையில் நின்று மறந்துபார்.

செத்தாலும் நீ என் பிள்ளை. உன் பெயரைச் சொல்லி ஊரே அழுததால் உன் ஆயுள் இன்னும் இருபது வருடம் நீளும். என்னுடையதிலிருந்து எடுத்தென்றாலும் நீளட்டும். கண்ணைத் திறந்து கும்பிடத் துணிவு வரும் நாளில் உனக்காகப் பிள்ளையாரிடம் தனியே கேட்கிறேன். சித்தியின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, எனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன்னைக் கொன்ற பாவியும், உன்மேல் உயிரையே வைத்திருப்பவனுமாகிய
சித்தப்பா வீரகத்தி.

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்யாதே! தாடி தொடங்கியிருந்தால் வழி! கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன், அதற்குள் உலகம் தலைகீழாகிவிட்டது. கதிர்காமநாதர் சபையாரோடும் மகளோடும் துக்கம் விசாரிக்க வந்தார். அருந்ததி நேரே குசினிக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்து உன் சித்தியால் தாங்க ஏலவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிள்ளை வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், மீன்கத்தியே மேல். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவள் தகப்பனிடம் போய், முற்றம் நிறைந்த சனத்துக்கு முன்னால், கண்ணீர் ஓட ஓடக் கேட்டாள்: "அப்பா, அவர் இருந்திருந்தால் நீங்கள் ஓம் எண்டிருப்பியளோ?"

அவர் உடைந்துபோனார். "ஓம் மகளே! பிறத்தியாற்றை பிள்ளைக்காகக் கடலிலை குதிச்சவனுக்கு உன்னைக் குடுக்காமல் ஆருக்குக் குடுக்கிறது? அவன் இப்ப இந்தப் படலையாலை வந்தாலும் குடுப்பன்!" என்று உரத்துச் சொன்னார். சந்தையில் நின்ற பழக்கம். பக்கத்தில் நின்ற ஏரம்புவின் கை தானாக மடிக்குப் போய் மணியை எடுத்து அடித்துவிட்டது! முற்றம் முழுவதும் "அரோகரா!" என்றது. அருந்ததி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிச் சொல்லுங்கோ மாமி" என்றாள். உன் சித்தி, "கடல் பிள்ளையைத் திருப்பித் தந்திட்டுதாம்!" என்று கூவினாள். உடம்பு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிவைத்தது எவ்வளவு தூரப்பார்வை பார்!

கதிர்காமநாதர் மணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மணி அடிச்சாச்சு. நான் வைச்ச சட்டம்" என்றார். பிறகு மெல்ல வந்து என் தோளில் கையை வைத்தார். "அப்ப உங்களுக்குத் துடக்கில்லை, என்ன வீரகத்தியர்?" "இல்லை" என்றேன். "வீட்டிலை எல்லாரும் சுகம்தானே?" "ஓம்" என்றேன். மணி அடித்தது. அச்சு என்னுடையது.

முதல் ரயிலில் ஏறி வா. தலைமயிர் கொஞ்சம் நனைந்திருந்தால் நல்லது. வருமுன் எங்கேயாவது நீந்தப் பழகு. புகையிரத நிலைய வாசலில் அப்புத்துரையின் சைக்கிள் குறுக்கே வரும், பின்னால் ஏரம்பு நிற்பான். கேட்டதைக் கொடுத்துவிடு. துடக்கென்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதே. நம் குடும்பத்தில் இனிச் சாகடிக்க மிச்சமிருப்பது நான் ஒருவன்தான்.